புள்ளியை விழுங்கிய எழுத்து

குண்டடம் சந்தைக்கு வருவோர் எல்லாரும் காணும்படி, பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் சாலையின் ஓரத்தில், நம் மக்தபின் ஆண்டு விழாப் பதாகை ஒன்று சென்ற ஆண்டு கட்டப்பட்டது. பூசணிக்காய்களை வரிசையாக உருட்டி வைத்தாற்போன்ற எழுத்து. உயரத்தைவிட அகலம் மிகுதி; முனைகள் யாவும் உருண்டவை; கோணம் என்பதே எங்கும் இல்லை. பேருந்தில் அமர்ந்தவரும் ஓடும் வேகத்தில் படித்துவிடலாம். அப்படிப் படித்தவர்கள்தாம் முதலில் சிரித்தார்கள். 'கல்வி விழா' என்று இருக்க வேண்டிய இடத்தில் லகர மெய்யின் தலைப்புள்ளியைக் காணோம். புள்ளி போனபின் அது என்ன சொல்லாயிற்று என்பதைக் குடும்பத்தார் கூடியிருந்து படிக்கும் இவ்வேட்டில் எழுத நாம் விரும்பவில்லை. வேண்டுவோர் விரலால் மறைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பதாகை அஸருக்குள் இறக்கப்பட்டது. அதனைச் செய்து தந்தவன் நம்மிடம் ஓதிய பிள்ளை; இப்போது திருப்பூரில் பனியன்களின் மீது எழுத்தும் படமும் பதிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் வேலையில் இருக்கிறான். தலை குனிந்து வந்து நடந்ததைச் சொன்னான். கணினியில் இருந்த சாதாரண எழுத்து மெலிந்து தோன்றியதாம். பனியனில் அச்சிடும் ஆங்கில எழுத்தைப்போல் தடிப்பாக வேண்டும் என்று எண்ணி, அதே நிறத்தில் எழுத்தைச் சுற்றி ஒரு கரை கட்டினான். போதாமல் பக்கவாட்டிலும் இழுத்து விட்டான். கரை பருக்கப் பருக்க லகரத்தின் தலையும் அதன் மேலிருந்த புள்ளியும் ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டன. "புள்ளி உள்ளேதான் இருக்குதுங்க ஹஜ்ரத், தெரியலை" என்றான். அதுவும் உண்மையே.

அவனைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. அவன் விரும்பிய அந்தத் தடித்த, அகன்ற, உருண்ட எழுத்து எங்கிருந்து வந்தது, அது வந்த வழியில் புள்ளிக்கு என்ன நேர்ந்தது என்று பார்க்கத் தோன்றியது. பார்க்கப் பார்க்க, நம் மக்தப் பதாகையில் நடந்தது மிகப் பழைய வழக்கொன்றின் கடைசித் தவணை என்று தெரிந்தது.

ஐரோப்பிய வரலாறு சுருக்கமானது. நூலுக்கென வார்த்த அச்செழுத்தைச் சுவரில் ஒட்டும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியபோது அது தூரத்திலிருந்து தெரியவில்லை. 1803ஐ ஒட்டி இலண்டனில் ராபர்ட் தோர்ன் என்னும் எழுத்து வார்ப்பாளர், நிமிர்ந்த கோடுகளை மட்டும் கொழுக்க வைத்துப் புதுவகை எழுத்தை வார்த்தார். பெரிய அளவில் ஈயம் கனமும் செலவும் மிகுந்தது. ஆகவே 1827இல் நியூயார்க்கைச் சேர்ந்த டேரியஸ் வெல்ஸ் மரத்தில் எழுத்தை இயந்திரத்தால் கடைந்தெடுக்கும் முறையைக் கண்டார். அதன்பின் எழுத்து எவ்வளவும் பருக்கலாம், எவ்வளவும் அகலலாம் என்றாயிற்று. ஒரு நூற்றாண்டு கழிந்து ஜெர்மனியில் ஹெர்பர்ட் பேயர் 1925இல், வட்டமும் நேர்கோடுமே போதும், பேனாவின் சுவடு வேண்டா என்று ஓர் எழுத்தமைப்பை வரைந்தார். பால் ரென்னரின் ஃபியூச்சுரா 1927இல் வெளிவந்தது. கவராயத்தால் வரைந்த இவ்வெழுத்தும் அந்த விளம்பர எழுத்தின் பருமனும் கூடிப் பெற்ற பிள்ளையைத்தான் இன்று பனியனின் மார்பில் காண்கிறோம்.

ஆனால் தடித்து அகன்ற எழுத்து இலண்டன் சுவரில் பிறந்தது என்றால் மதரஸாவில் ஓதியவர் எவரும் ஒப்பமாட்டார். கூஃபி எழுத்தை நினைத்துப் பாருங்கள். ஜெரூசலத்தின் குப்பத்துஸ் ஸக்ராவில், கலீஃபா அப்துல் மலிக் காலத்தில், ஹிஜ்ரி 72இல் (கி.பி. 691-92) பொன்னிறச் சில்லுகளால் பதிக்கப்பெற்ற எழுத்து வரிசை ஏறத்தாழ 240 மீட்டர் நீளம் ஓடுகிறது. நிமிர்ந்து அண்ணாந்து படிக்க வேண்டிய எழுத்து அது. ஆகவே தெளிவும் திண்மையும் அதற்கு வேண்டியிருந்தன. தோலில் எழுதிய தொடக்கக் கால முஸ்ஹஃபுகளோ உயரத்தைவிட அகலம் மிகுந்தவை. அவற்றில் தாலும் காஃபும் ஸாதும் பாய் விரித்தாற்போல் பக்கவாட்டில் நீண்டு கிடக்கும். நீலம் தோய்த்த தோலில் பொன்னால் எழுதி, துனீசியாவின் கைரவான் நகரப் பள்ளியில் நெடுங்காலம் இருந்த முஸ்ஹஃபில் பக்கத்துக்கு 15 வரிகளே. ஒரு சொல்லை இழுத்து நிரப்பி வரியை முடிக்கும் அகலம் அதற்கு உண்டு.

அந்த அழகிய எழுத்தில் புள்ளி எங்கே? பெரும்பாலும் இல்லை, இருந்தாலும் மயிரிழைபோன்ற சிறு கீற்றுகளாக ஆங்காங்கே இருக்கும். பே, தே, ஸே, நூன், யே ஐந்தும் சொல்லின் நடுவில் வரும்போது ஒரே பல்தான். அரபியைத் தாய்ப்பாலோடு குடித்தவர்களுக்கு அது தடையாக இல்லை. மனப்பாடம் முன்னே ஓடும், கண் பின்னே போகும். இஸ்லாம் பாரசீகத்துக்கும் பிற நாடுகளுக்கும் பரவி, பிறமொழியாளர் திருமறையைக் கையில் எடுத்தபோதுதான் நெருக்கடி வந்தது. ஓர் உயிர்க்குறி மாறினால் எழுவாய் செயப்படுபொருளாகும். ஒரு புள்ளி மாறினால் வேறு வினையாகும். வேதத்தில் இது சிறு பிழை அன்று.

ஹிஜ்ரி 69இல் மறைந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ அவர்கள் செய்த உபாயத்தை நஹ்வு படித்தோர் அறிவர். எழுத்தர் ஒருவரை அழைத்து அமர்த்தி, நாம் வாய் திறந்து ஒலிக்கும்போது எழுத்தின் மேலே ஒரு புள்ளி வை, வாயைக் கீழ் இழுத்தால் அடியில் வை, இதழ் குவித்தால் பக்கத்தில் வை என்று பணித்ததாக மரபு கூறுகிறது. நம் மக்தபுகளில் பிள்ளைகள் பாடும் ஜபரும் ஜேரும் பேஷும் இவ்வாறு பிறந்தவை. கவனிக்க வேண்டியது மை. எழுத்து கரியது, புள்ளியோ சிவப்பு. தடித்த எழுத்து தன் நிறத்துப் புள்ளியை விழுங்கிவிடும் என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர். ஆகவே புள்ளிக்கு வேறு நிறம் கொடுத்தனர். நம் பிள்ளை கரையையும் எழுத்தையும் ஒரே நிறத்தில் வைத்தான் என்பதே அவன் செய்த தவறு. பின்னர் நஸ்ர் இப்னு ஆஸிம் போன்றோர் பே, தே, ஸே ஆகியவற்றைப் பிரிக்கும் புள்ளிகளை ஒழுங்குசெய்தனர் என்றும், ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் கலீல் இப்னு அஹ்மத் வண்ணப் புள்ளிகளுக்கு மாற்றாகச் சிறு குறிகளை அமைத்தார் என்றும் சொல்வர். குறிகள் வந்தபின் அவற்றுக்கு இடம் வேண்டியிருந்தது. இடம் கொடுக்க, எழுத்து மெலிந்து வளைந்தது. கூஃபி மெல்ல மெல்ல முஸ்ஹஃபின் உட்பக்கத்தை நஸ்கிடம் ஒப்படைத்துவிட்டு, அத்தியாயத் தலைப்புக்கும் பள்ளிவாசலின் சுவருக்கும் இடம் பெயர்ந்தது. இன்றைய அச்சகத்தார் உடலெழுத்து, தலைப்பெழுத்து என்று பிரிக்கிறார்களே, அந்தப் பிரிவு அங்கே ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது.

இவ்விடத்தில் இப்னு முக்லாவைச் சொல்லாமல் நகர முடியாது. பக்தாதில் ஹிஜ்ரி 272இல் (கி.பி. 886) பிறந்தவர், அப்பாஸியக் கலீஃபாக்கள் மூவரிடம் அமைச்சர் பதவி வகித்தவர், அரசியல் பகையால் வலக்கை வெட்டப்பட்டு 328இல் சிறையில் மாண்டவர். கை போனபின் முன்கையில் நாணற்பேனாவைக் கட்டிக்கொண்டு எழுதினார் என்பர். அவர் செய்த பெருஞ்செயல் எழுத்துக்கு அளவு கண்டது. நாணற்பேனாவை ஒருமுறை அழுத்தி எடுத்தால் விழும் சாய்சதுரப் புள்ளி, அதுவே அளவுகோல். அலிஃப் இத்தனை புள்ளி உயரம். அந்த அலிஃபை விட்டமாக வைத்து ஒரு வட்டம். மற்ற எழுத்துகளின் வளைவுகள் அவ்வட்டத்துக்குள் அடங்கும். பேயரும் ரென்னரும் கவராயத்தை எடுப்பதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இது நடந்தது.

பெருமை பேச இதைச் சொல்லவில்லை. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. ஜெர்மானியருக்கு வட்டம் என்பது எழுத்தின் உருவம். 'ஓ' வட்டமாகவே நிற்கும். இப்னு முக்லாவுக்கு வட்டம் அளவு மட்டுமே. எழுத்தை எழுதுவது பேனாவின் வாய். அதைவிட முக்கியம், அவரிடம் புள்ளி எழுத்தின் மேல் வைக்கும் ஒட்டு அன்று. எழுத்தையே அளக்கும் தாய். பேனா பருத்தால் புள்ளியும் பருக்கும். அதற்கு ஏற்ப எல்லாம் விரியும். எழுத்து மட்டும் கொழுத்துப் புள்ளி நசுங்கும் நிலை அவருடைய முறையில் வராது.

இனித் தமிழுக்கு வருவோம்; அதற்குக் குண்டடத்திலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை. நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் தமிழி எழுத்துக் கீறிய பானை ஓடுகள் பல கிடைத்தன. அவ்வெழுத்து முழுதும் கோடும் வட்டமுமாக, எங்கும் ஒரே தடிப்பில் அமைந்தது. வகரம் என்றால் ஒரு வட்டம், அதன் உச்சியில் ஒரு நிமிர்ந்த கோடு. மகரம் என்றால் வட்டத்தின் மேல் இரு கொம்பு. ஐரோப்பியர் 1925இல் தேடிய எளிமை அந்தப் பானை ஓட்டில் இருக்கிறது. பிறகு ஓலையும் எழுத்தாணியும் வந்து வளைவை வளர்த்தன. கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளிலும் காணப்படும் வட்டெழுத்து அவ்வழியில் வந்ததே. நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும், ஆதலால் எழுத்து உருண்டது என்று பொதுவாகச் சொல்வர். டகரமும் பகரமும் மகரமும் யகரமும் இன்றும் கோட்டோடு நிற்பதைப் பார்த்தால் இக்காரணத்தை நாம் முழுதும் ஏற்க முடியவில்லை. ஆனால் ஓலை ஒன்றை நிச்சயம் செய்தது: புள்ளியை ஒழித்தது. குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று எழுத்தாணி புள்ளியை விட்டுவிட்டது. மெய்யும் குறில் எகர ஒகரமும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. விதி ஏட்டில் இருந்தது. ஏட்டிலோ புள்ளி இல்லை.

அந்த வழக்கம் அச்சுக்கும் தொடர்ந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தில் மெய்க்குப் புள்ளி கிடையாது. 1713இல் தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவை. காகிதத்தைத் தின்று தீர்த்தன. ஆகவே சீமையிலிருந்து பாலாடைக்கட்டி பொதிந்து வந்த ஈயத் தகடுகளை உருக்கி, தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை முடித்தனர். தமிழ் அச்சின் முதற்கவலை எழுத்தைச் சிறுக்க வைப்பதாகவே இருந்தது. பருக்க வைக்கும் ஆசை கடையும் நாடகமும் கட்சியும் பெருகிய பின் வந்தது. இதனிடையே வீரமாமுனிவர் (1680–1747), எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் புள்ளியைக் கொண்டு பிரிப்பதை விடுத்து, நெடிலுக்குக் கீற்றும் சுழியும் கொடுத்தார். அவர் அறிந்தோ அறியாமலோ, தடித்த எழுத்துக்கு அது பேருதவி. கீற்றை எழுத்தால் விழுங்க முடியாது. மெய்யின் புள்ளியோ மேலே தனியே மிதக்கிறது. அதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆங்கில எழுத்தைப் பருக்க வைப்பது எளிது. தமிழெழுத்தைப் பருக்க வைப்பது கடினம். காரணம் எழுத்தின் வயிற்றில் இருக்கிறது. னகரத்தைவிட ணகரத்துக்கு ஒரு வளைவு மிகுதி. இரண்டையும் ஒரே அகலத்தில் வைத்துக் கோட்டைக் கொழுக்க வைத்தால் ணகரத்தின் இடைவெளிகள் அடைபட்டு இரண்டும் ஒரே உருண்டையாகும். இடைவெளி பிழைக்க வேண்டுமானால் எழுத்து அகலத்தான் வேண்டும். அகன்றால், பக்கத்தில் இரண்டே கோடுகளோடு நிற்கும் டகரம் வெறும் முற்றமாகத் தோன்றும். தடித்த எழுத்து அகன்றிருப்பது ஆங்கிலத்தில் ஒரு பாணி. தமிழில் அது கட்டாயம். 1978 அக்டோபரில் தமிழக அரசு ஆணையிட்டு, துதிக்கைபோல் சுழன்றிருந்த பழைய ணை, லை, ளை, னை முதலிய 13 வடிவங்களை மாற்றியதை அந்நாளில் முணுமுணுத்தவர்களில் நம் ஆசிரியர்களும் உண்டு. தலைப்பெழுத்து வரைபவர் நோக்கிலிருந்து பார்த்தால் அம்மாற்றம் பெருஞ்சுமையை இறக்கியது என்றே இன்று நமக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் கண்டோம். கவராயத்துக்கு ஏற்ற முழுவட்டமாக நிற்கும் எழுத்து இன்றைய தமிழில் ஒன்றேனும் இல்லை. வகரம், லகரம், ழகரம் யாவும் வளைந்து வந்து ஏதோவொரு பக்கம் திறந்தோ கோட்டில் முடிந்தோ போகின்றன. தமிழில் முழுவட்டம் புள்ளி மட்டுமே. ஆய்தத்தையும் ஈகாரத்தின் இரு பொட்டுகளையும் காட்டி மறுப்பவர் இருக்கலாம்; அவையும் புள்ளிகளே அல்லவா? வட்டத்தில் மயங்கி எழுத்தைப் பருக்க வைத்தவன், தமிழின் ஒரே வட்டத்தை முதலில் இழந்தான்.

இதையெல்லாம் நூல் படியாமலே அறிந்தவர்கள் இருந்தார்கள். ஃபிளெக்ஸ் பதாகை வருமுன் தாராபுரத்தில் கடைப்பலகை எழுதிய பெயிண்டர் ஒருவரை நாம் அறிவோம். நம் பள்ளிவாசலின் பெயர்ப்பலகையும் அவர் எழுதியதே. பலகையில் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்தவுடன், எழுத்து ஒன்றையும் போடாமல், மேற்கோட்டுக்கு மேலே அங்கங்கே சிறு வளையங்களை வரைவார். ஏன் என்று ஒருநாள் கேட்டோம். "முதல்ல புள்ளிக்கு எடம் புடிச்சு வெச்சரோணுங்க பாய். எழுத்து எப்படியாச்சும் எடம் புடிச்சுக்கும், புள்ளி பாவம், கேக்காதுங்க" என்றார். அபுல் அஸ்வதின் சிவப்பு மையையும் இப்னு முக்லாவின் அளவையும் அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் ணகரத்தை எழுதும்போது கோட்டை உள்ளே மெலித்து வெளியே மட்டும் கொழுக்க வைப்பதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே தடிப்பாகத்தான் தெரியும். கணினியில் கரை கட்டுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு வீங்கிய உடலுக்கும் உழைத்துத் திரண்ட உடலுக்கும் உள்ள வேறுபாடு.

அந்த அறிவு அவரோடு போய்விட்டதோ என்று நாம் கவலைப்பட்டதுண்டு. முழுதும் போகவில்லை. மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் என்னும் எழுத்துருக் குழுவினர் 2016இல் பாலூ என்ற எழுத்துருக் குடும்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும்படி வெளியிட்டனர். கானகக் கதையில் வரும் கரடியின் பெயர். எழுத்தும் கரடிக்குட்டிபோலவே பருத்து உருண்டது. இந்திய எழுத்துகள் பலவற்றுக்கும் தனித்தனியே வரைந்து, ஒவ்வொன்றுக்கும் அம்மக்கள் அன்பாக அழைக்கும் உறவுப்பெயரைச் சூட்டினர். தமிழுக்கு வந்தது 'பாலூ தம்பி'. அரபு எழுத்துக்கு வந்தது 'பாலூ பாய்ஜான்'. ஒரே பருமனில், ஒரே உருட்சியில், தம்பியும் அண்ணனுமாகத் தமிழும் அரபியும் ஒரு வீட்டில் பிறந்தது நமக்கு மகிழ்ச்சி தந்தது என்பதை மறைப்பானேன்? அதில் மெலிந்த எழுத்துக்குக் கரை கட்டவில்லை. தொடக்கத்திலிருந்தே தடித்த எழுத்தாக வரைந்திருக்கிறார்கள். தம்பியின் புள்ளி தலைக்கு மேலே இடம் விட்டுத் தனியே நிற்கிறது. இலங்கையிலிருந்து தாரிக் அஸீஸ் போன்ற நம்மவரும் தமிழ் எழுத்துரு வரையும் கலையில் இறங்கி, கவிவாணர் முதலியவற்றை இதேபோல் பொதுவில் தந்திருக்கிறார்கள். பிள்ளையிடம் இவற்றைச் சொன்னபோது, கைபேசியில் தேடி அங்கேயே இறக்கிக்கொண்டான்.

திருப்பூரின் முதல் பனியன் பட்டறைகளில் ஒன்றை 1925ஐ ஒட்டி நிறுவியவர் குலாம் காதர் என்னும் நம் சமுதாயத்தவர் என்பதையும் அவனுக்குச் சொன்னோம். அவன் அதைவிட எழுத்துருவில்தான் ஆர்வம் காட்டினான். இரண்டாம் பதாகை இரண்டு நாளில் வந்தது. 'கல்வி'யின் புள்ளி சாலையின் மறுபக்கத்துத் தேநீர்க் கடையிலிருந்தே தெரிந்தது.

விழா முடிந்த பின் ஒரு வெள்ளிக்கிழமை அவன் வந்து கேட்ட கேள்விக்குத்தான் நம்மிடம் உடனே விடை இல்லை. "அரபுத் தமிழுக்கு இப்படித் தடிச்ச எழுத்து உண்டுங்களா ஹஜ்ரத்?" என்றான். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) காலத்தில் செழித்த எழுத்து அது. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு நம் முன்னோர் புதிய எழுத்தைப் படைக்கவில்லை, புள்ளியைக் கூட்டினார்கள். நூனின் அடியில் இன்னொரு புள்ளி வைத்தால் ணகரம். புள்ளியே தமிழாக நின்ற எழுத்து அது. ஈய எழுத்தில் அப்புள்ளிகளை வார்ப்பது தொல்லை என்பதால் அந்நூல்கள் பெரும்பாலும் கல்லச்சிலேயே வந்தன. காத்திப் கையால் எழுதியதே பக்கம். தலைப்பையும் அவரே தடித்த பேனாவால் பூச்சட்டத்துக்குள் எழுதினார். ஆகவே அரபுத் தமிழுக்குத் தலைப்பெழுத்து உண்டு, ஆனால் அது ஒவ்வொரு காத்திபின் கையோடும் முடிந்துவிட்டது. அச்சாக வார்க்கப்படவில்லை. இன்று அரபு எழுத்துரு எத்தனையோ வந்துள்ளன. அரபுத் தமிழுக்கே உரிய கூடுதல் புள்ளிகள் எல்லாவற்றிலும் இல்லை. நம் பாட்டிமார் தொழுகை முறையும் மருத்துவமும் படித்த எழுத்தை நம் பிள்ளைகள் ஒரு வரி தட்டச்சிட்டு எடுக்க, எந்த எழுத்துருவில் எந்தப் புள்ளி இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

நாம் உள்ளே போய், அட்டை கிழிந்து துணியில் சுற்றி வைத்திருந்த பழைய கிதாபு ஒன்றைக் கொண்டுவந்து அவன் முன் விரித்தோம். முகப்பில் பூச்சட்டம், நடுவில் காத்திபின் தடித்த எழுத்து. வெகுநேரம் குனிந்து பார்த்தான். பிறகு விரலால் தொடாமல், காற்றிலேயே ஒரு வளைவைத் தொடர்ந்து போனான். கைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, சன்னலைத் திறந்து வெளிச்சம் விழ வைத்து மறுபடி எடுத்தான். நூனின் அடிப்புள்ளி முதல் படத்தில் தெளிவாக விழவில்லையாம்.